இறுக்கமும் இளக்கமும்

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே பலூன் சுடும் கடைக்காரர்களுக்கு வேலை தொடங்கிவிடும். தையிலும் மாசியிலும் ஊர் ஊராகப் பொங்கல், கொடை என்று சுற்றிய ஏர்கன்கள் பங்குனி வெயிலில் சாக்குக்குள் கட்டுண்டு பழுதுபார்க்க வரும். அவற்றில் சில வந்துசேரும் லேத் பட்டறை ஒன்று, மதுரையின் தென்புறம், அவனியாபுரம் போகும் வழியில் வில்லாபுரத்துச் சந்துக்குள் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்குச் சோறு போடுவது ஏர்கன் அல்ல. ஆட்டோவுக்குப் புஷ், தண்ணீர் மோட்டாருக்கு ஷாஃப்ட், கிரில் கதவுக்குக் கீல் என்று ஆண்டு முழுக்க வேறு வேலைகள். துப்பாக்கி இந்த ஒரு மாதத்துக்குத்தான். பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. வேலை பழகும் பையன் ஒருவன் கூட இருக்கிறான்.

பலூன் கடை வைத்திருக்கும் அம்மா சாக்கை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இது தானா வெடிக்குதுண்ணே. மடக்கி நிமித்தையிலயே டப்புங்குது. ஆள் பயப்படுறாக."

"நிமித்தையில வெடிச்சதோட போச்சேன்னு கும்பிட்டுக்கம்மா. மடங்கி இருக்கையில விட்டுருந்தா குழல் வெடுக்குனு மேல வந்து விரலைக் கொண்டு போயிருக்கும்."

வாங்கியதும் அவர் குழலை மடக்கி, உள்ளே ரவை கிடக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். 'காலிதான்' என்று அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பிறகு துப்பாக்கியைத் திருப்பி, விசைக்கு மேலே பக்கவாட்டில் தெரிந்த ஒரு வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். வட்டம் உள்ளே போனது. மறுபக்கம் பின்னின் முனை வெளியே எட்டிப் பார்த்தது.

இந்த ரகத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் அதோடு கோத்த கரம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். கெட்டியான சுருள் ஸ்பிரிங் நசுங்கும். கடைசியில் ஒரு சின்னக் கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்தால் கொக்கி விலகும். பிஸ்டன் பாய்ந்து முன்னால் இருக்கும் காற்றை இறுக்க, அந்தக் காற்று சிறு துளை வழியாகப் புகுந்து ரவையைத் தள்ளும். அவ்வளவு பாரத்தையும் தாங்கி நிற்கும் கொக்கி சுழல்வது இந்தப் பின்னின் மேல்தான். பின் ஆடினால் கொக்கியின் பிடிமானம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழும். ஒரு தடவை ஆழமாகப் பிடிக்கும். இன்னொரு தடவை நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். நுனியில் நிற்கும்போது லேசாகத் தட்டினாலே போதும்.

பின் ஏன் ஆடுகிறது? ஸ்பிரிங் துப்பாக்கி ஒரே சூட்டில் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது அதே துப்பாக்கி முன்னுக்கு இழுக்கும். இரண்டும் ரவை குழலைத் தாண்டுவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். திருகாணியும் பின்னும் தளர்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதில் ரவை போடாமல் வெறுமனே சுட்டால் இன்னும் மோசம். காற்றை மறித்து நிறுத்த எதிரே ஒன்றும் இல்லாததால், மெத்தை இல்லாமல் பிஸ்டன் முனையில் போய் மோதும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பையன்கள் பொழுதுபோக்காகச் செய்வது இதைத்தான்.

ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்தில் 1890இல் தொடங்கிய டயானா நிறுவனம் இந்த மடக்குக் குழல் ரகத்தில் பேர்போனது. போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு இந்த உதறல் ஆகாது என்பதால், எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டு பிஸ்டன்களை வைத்து ஒன்றின் உதையை மற்றது அடக்கும் ஏற்பாட்டையும் அதே நிறுவனம் கொண்டுவந்தது. 10 மீட்டர் ஏர் ரைபிள் 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பின்னால் போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கையே கைவிட்டு, முன்கூட்டியே அடைத்த காற்றுக்கு மாறினார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். பலூன் கடைக்கு அந்த வசதியெல்லாம் எட்டாது. இங்கே உதறல் உதறலாகவே இருக்கும். அதைத் தாங்கும்படி பின்னை வைக்க வேண்டும்.

மரக்கட்டையைக் கழற்றியதும் பழைய கிரீஸும் புழுதியும் கலந்த கரிய சேறு. பின் ஓட்டையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் பள்ளங்கள். யாரோ சென்டர் பஞ்ச் வைத்து அடித்து, ஓட்டையின் வாயைச் சுருக்கியிருக்கிறார்கள்.

"இது பத்து நாள் வேலை. வாய் மட்டும் சுருங்கும். உள்ள அப்படியேதான் கிடக்கும். சுட்ட சூட்டுல வாயும் தேஞ்சுரும்," என்றார்.

ஸ்பிரிங் நசுங்கியே உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பதால் பின்னை அப்படியே தட்டி எடுத்துவிட முடியாது. குழல் உடம்பை லேத்தில் பிடித்து, எதிர்முனை டெயில்ஸ்டாக்கைத் திருகி முன்னே கொண்டுவந்து ஸ்பிரிங்கின் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகே, பித்தளைக் கம்பி வைத்துப் பின்னைத் தட்டினார். இரும்புக் கம்பி என்றால் பின்னின் முனை விரிந்து, வெளியே வரும்போது ஓட்டையையும் கிழிக்கும். டெயில்ஸ்டாக்கைப் பையப் பையத் தளர்த்த, ஸ்பிரிங் முழு நீளத்துக்கு நிமிர்ந்து வந்தது. பையன் இரண்டு எட்டுப் பின்னால் நின்றான். அங்கே நிற்கவைத்ததும் அவர்தான்.

அளவு பார்க்க அவர் கையாண்டது டிரில் பிட்டுகளின் வால்பகுதியை. அளவு தெரிந்த வழவழப்பான கம்பிகள் அவை. ஒரு பக்கத்து ஓட்டையில் பிட் நறுக்கென்று நின்றது. மறுபக்கத்தில் மேலும் கீழும் ஆடியது. "ஓவல் ஆயிருச்சு" என்று என்னிடம் நீட்டினார். "பின்னு தேயலை. பாடிதான் தேஞ்சிருக்கு."

அவர் வேலையின் சூத்திரம் அடுத்துச் சொன்னதில் இருந்தது: "பின்னு பாடியில இறுக்கமா நிக்கணும். கொக்கி அதுமேல இளக்கமாத் திரும்பணும். இவுக பின்னையும் சேத்துச் சுத்தவிட்டுட்டாக. கெட்டி இரும்பு உள்ள சுத்துனா மெத்து இரும்பு தேயாம என்ன பண்ணும்?"

பெரிய பின்னாகப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். போட்டால் கொக்கியின் ஓட்டையையும் நல்ல பக்கத்து ஓட்டையையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டிவரும். கெடாததை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நல்ல ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி, அதன் போக்கிலேயே ரீமரை விட்டு, தேய்ந்த பக்கத்தை மட்டும் வட்டமாக்கினார். பிறகு சில்வர் ஸ்டீல் கம்பியைக் கடைந்து, ஒரு முனை மட்டும் பருத்த பின் ஒன்றைச் செய்தார். பருத்த முனை புது ஓட்டைக்கு; மீதி நீளம் கொக்கிக்கும் பழைய ஓட்டைக்கும். கடைசியாக எமரி பேப்பர் பிடித்ததில் குறைந்தது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் கடைந்த நேரத்தைவிட அதிகம். பெட்ரோலில் துடைத்து, ஒரு சொட்டு லாக்டைட் ஒட்டுத் திரவம் விட்டு, பின்னைத் தட்டி இறக்கினார். எண்ணெய்ப் பசை இருந்தால் அது பிடிக்காது. ஓவல் ஓட்டையை அது நிரப்பவும் செய்யாது. வேலை முடிந்த ஓட்டைக்குக் காவல், அவ்வளவுதான்.

நான் இருந்தபோதே இளைஞர் ஒருவர் வந்து, தன் துப்பாக்கிக்கு இன்னும் கெட்டி ஸ்பிரிங் போடச் சொன்னார். கண்மாய்ப் பக்கம் கொக்கு சுடவாம். பட்டறைக்காரர் தலையை நிமிர்த்தாமல் முடியாது என்றுவிட்டார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர்கன்னுக்கு 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் ஆற்றல் என்ற எல்லை உண்டு. கொக்கைச் சுடுவதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அவர் சட்டம் பேசவில்லை. "அந்தப் பாரத்துக்கு இந்தக் கொக்கி தாங்காது தம்பி. உன் பல்லுதான் போகும்," என்றார்.

துப்பாக்கியைப் பூட்டிய பின் சோதனை. குழலை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டு மடக்கி, நிமிர்த்தி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் குத்தினார். கொக்கி விடவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினார். பிறகே ரவை போட்டு மணல் மூட்டையில் சுட்டார்.

கூலியைச் சொன்னதும் அந்த அம்மா முனகினார்: "தமுக்கம் மைதானத்துல பொருட்காட்சி நடந்த காலத்துல ஒரு ராத்திரி ஓட்டத்துல எடுத்துருவேண்ணே. இப்ப பிள்ளைக செல்போன்லயே சுடுதுக." முனகினாலும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பட்டறைக்காரர் மூன்று சொன்னார்: குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, அது உள்ளே எரிந்து வாஷரைக் கெடுக்கும். காலியாகச் சுட விடக் கூடாது. கடை கட்டும்போது பின்னைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்றையும் பையனை விட்டு ஒரு முறை ஒப்பிக்க வைத்தார்.

மூன்றாவது அறிவுரை கடைக்காரர்களுக்கு மட்டுமல்ல. இந்தச் சித்திரையில் பலூன் சுட நிற்பவர்கள் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் முன் விசைக்கு மேலே பக்கவாட்டில் பாருங்கள். பின்னின் முனை துருத்திக்கொண்டிருந்தாலோ, சுற்றிலும் பஞ்ச் அடித்த புள்ளிகள் தெரிந்தாலோ அடுத்த துப்பாக்கியைக் கேளுங்கள். பிள்ளை கையில் கொடுப்பதானால் குழலை நீங்களே மடக்கி நிமிர்த்திக் கொடுங்கள். ரவை போட்டு நிமிர்த்தும்வரை குழலை விட்டுக் கையை எடுக்காதீர்கள்.