நான்கு படங்கள், ஒரே யன்னல்

2011ஆம் ஆண்டு நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். வீட்டின் முன்பக்கத்து யன்னல்கள் நான்கும் உக்கிவிட்டன, திருத்தவே இயலாது என்று எழுதி, யன்னலுக்கு ஒன்றாக நான்கு படங்களை இணைத்தேன். அந்த நான்கு படங்களும் ஒரே யன்னலில் எடுத்தவை. மேல்மாடியில் இடதுபுறம் இருந்த யன்னலின் அடிப்பலகை மட்டும்தான் உக்கியிருந்தது. கிட்டப்போய் ஒன்று, சரித்து ஒன்று, காலை வெயிலில் ஒன்று, பின்னேரம் ஒன்று எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நானே இலக்கமிட்டேன். மற்ற மூன்று யன்னல்களிலும் பெயின்ற் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் வீடு ரொறன்ரோவில் கபேஜ்ரவுன் பகுதியில் இருக்கிறது. ஐரிஷ் ஏழைகள் முன்முற்றத்தில் கோவா நட்டதால் வந்த பெயர் என்பார்கள். வெலஸ்லி தெருவைக் கடந்தால் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக்கட்டடங்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்த எங்களில் பலருக்குக் கனடாவின் முதல் முகவரி அதுதான். அங்கே பதினான்காம் மாடியில், இரண்டு அறைக்குள் ஏழு பேராக இருந்த காலத்தில், கீழே தெரியும் செங்கல் வீடுகளின் கூர்முகடுகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது வருடம் இரண்டு வேலை செய்து அதில் ஒன்றை வாங்கினோம். 1889இல் கட்டியது. நடுச்சுவர் பொதுவான இரட்டை வீட்டில் ஒரு பாதி.

ஒன்ராறியோ பாரம்பரியச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் அது. தெருவிலிருந்து தெரியும் பக்கத்தில் கைவைப்பதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். வீடு வாங்கும்போதே இதைச் சொன்னார்கள், கையெழுத்தும் வைத்தேன்.

"மோனை, யன்னலாலை ஊதுது" என்று அம்மா சொன்னது உண்மை. தை, மாசியில் வெளியே மைனஸ் இருபது வரை இறங்கும் இரவுகளில், சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவால் காற்று வந்ததும் உண்மை. யாராவது கேட்டால் அம்மாவுக்காகத்தான் மாற்றினோம் என்பேன். ஆனால் காரணம் வேறு. மார்க்கத்திலும் பிரம்ப்ரனிலும் புது வீடு வாங்கிய சொந்தக்காரர் விருந்துக்கு வரும்போது, உரிந்த பெயின்ற்றையும் கயிறு அறுந்த யன்னலுக்கு நான் முட்டுக்கொடுத்த தடியையும் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள். எனக்கு உடம்பு கூசும். அந்தக் கூச்சத்தை அம்மாவின் குளிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இரட்டை வீட்டின் மறுபாதியில் இருக்கும் கனடியப் பெண்மணி அப்போதே எழுபதைத் தாண்டியவர். இரண்டு பாதிக்கும் ஒரே கொத்தனார், ஒரே தச்சர், ஒரே மரம். மாற்றப்போகிறேன் என்று தெரிந்ததும் வேலியருகே வந்தார். இது பழைய காட்டில் மெதுவாக வளர்ந்த பைன், வளையம் நெருக்கமாக ஓடிய மரம், இனிக் கடையில் கிடைக்காது என்றார். சட்டத்தைக் கழற்றிப் புட்டி மாற்றிக் கயிறு போட்டு, ஓரத்துக்குக் காற்றுத்தடுப்புப் பட்டி அடித்து, வெளியே ஸ்ரோம் யன்னல் என்கிற இரண்டாவது கண்ணாடிச் சட்டத்தை மாட்டினால் போதும் என்றார். பழைய யன்னல் திருத்துகிற ஒருவரின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அதைக் குசினி லாச்சிக்குள் போட்டேன். எடுத்துப் பார்க்கவில்லை.

யன்னல் விற்பனையாளர் மேசையில் சூட்டு விளக்கு ஒன்றை வைத்து, புதுக் கண்ணாடியின் இந்தப் பக்கம் என் கையை வைக்கச் சொன்னார். சூடு வரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

முன்பக்கத்தை அதே வடிவில் புது மரத்தில் செய்யலாம் என்று அனுமதி வந்தது. பக்கத்திலும் பின்னாலும் ஏழு யன்னல்கள் வைனிலுக்கு மாறின. கழற்றிய நாள் ஒரு ஐப்பசிச் சனி. அந்தக் காலத்து யன்னல்களில் மேலே கப்பி இருக்கும், கயிற்றின் மறுமுனையில், சுவருக்குள் இருக்கும் ஒரு குழியில், வார்ப்பிரும்புக் குண்டு தொங்கும். அந்தப் பாரம்தான் யன்னலை நிறுத்திய இடத்தில் நிற்கவைக்கும். வேலையாள் கயிற்றை வெட்டினார். குண்டு சுவருக்குள் விழுந்த சத்தம் அடுக்களைவரை கேட்டது. பிறகு அலவாங்கால் நெம்பி எடுத்த சட்டத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். விளிம்பில் உளியால் வெட்டிய ரோம இலக்கம், ஏழு. நிலையிலும் அதே ஏழு. இந்த வாசலுக்கு இந்தச் சட்டம் என்று அளந்து இழைத்த ஒரு மனிதர் 1889இல் போட்ட குறி. "வைச்சிருக்கப் போறீங்களா?" என்று கேட்டார். கையில் தேநீரோடு நின்றேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஊதிச் செய்த பழைய கண்ணாடி அது, அதனூடாகப் பார்த்தால் முன்வாசல் மேப்பிள் மரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல அசையும். இரும்புத் தொட்டிக்குள் அது நொறுங்கியபோது நான் உள்ளே போய்விட்டேன்.

சில வருடத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் பிடியில் இருந்த எங்கள் ஊரை விட்டார்கள். போனோம். சுவர்கள் நின்றன. கதவு, யன்னல், நிலை எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். யன்னல் இருந்த ஓட்டைக்குள்ளால் எருக்கலை எட்டிப்பார்த்தது. அப்பா சுன்னாகத்தில் மரம் தேடி எடுத்துச் செய்வித்த நிலைகள் அவை. நின்று அழுதேன். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்கு விளங்கியது. இந்த வீட்டைப் பிடுங்கியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ரொறன்ரோ வீட்டைப் பிடுங்கியது யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

குளிர் போனதா? யன்னலடியில் ஊதுவது குறைந்தது. அம்மாவின் கால் குளிர்வது குறையவில்லை. எரிவாயுக் கட்டணம் பத்தில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. கடைசியில் ஒரு பரிசோதகரைக் கூப்பிட்டோம். முன்கதவில் பெரிய காற்றாடி பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எங்கே கசிகிறது என்று பார்த்தார். பரணுக்கு ஏறும் மூடியைச் சுற்றிக் கசிந்தது. நிலவறையில் செங்கல்லும் தரைமரமும் சேரும் இடமெல்லாம் கசிந்தது. சூடான காற்று மேலே ஏறிப் பரணால் வெளியேற, கீழே குளிர் உள்ளே இழுபடும்; அம்மாவின் காலைக் கடித்தது அதுதான். இன்னொன்றும் காட்டினார். புது யன்னல்களைப் பழைய நிலைக்குள் செருகியிருந்தார்கள், குண்டு தொங்கிய குழிகளோ வெறுமையாகவே கிடந்தன. அதற்குள்ளாலும் குளிர் வந்தது. ஒற்றைக் கண்ணாடியின் வெப்பத்தடை ஒன்று என்றால், நல்ல ஸ்ரோம் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு, நான் வாங்கியது மூன்று அளவில். அந்த ஒரு படிக்காக முழுவதையும் தொட்டியில் போட்டிருக்கிறேன். பரணையும் நிலவறையையும் அடைக்க ஆன செலவு, யன்னல் செலவில் சிறு பங்கு.

ஒன்பதாம் வருடம் இரண்டு வைனில் யன்னல்களின் சீல் விட்டு, கண்ணாடிகளுக்கு நடுவே புகார் பிடித்தது. துடைக்க முடியாது, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். முன்பக்கத்துப் புது மரத்தில் கீழ் மூட்டு ஒன்று உக்கத் தொடங்கிவிட்டது. விரல் நகம் இறங்குகிறது. நான் பொய்யாக எழுதிய சொல் இப்போது மெய்யாகிவிட்டது.

இதையெல்லாம் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்னர் ஹமில்ரனில் பழைய வீடு வாங்கிய சிநேகிதன் ஒருவன் என்னைக் கேட்டபோது, "யோசிக்காதை, எல்லாத்தையும் மாத்து" என்று சொல்லி, அதே விற்பனையாளரின் எண்ணையும் கொடுத்திருந்தேன். அவன் பதினாறு யன்னல்களை எறிந்தான். என்னை நம்பித்தான் எறிந்தான். போன மாதம் அவனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான்.

பன்னிரண்டில் ஒன்று மிஞ்சியது. மாடிப்படித் திருப்பத்தில் உள்ள சின்ன யன்னல். அளவு ஒத்துவராததால் விட்டுவிட்டுப் போனார்கள். போன கோடையில் அதை நானே கழற்றினேன். ஈயப் பெயின்ற் என்பதால் முகமூடி போட்டு, ஈரப்படுத்திச் சுரண்டினேன். ஆளிவிதை எண்ணெயில் சுண்ணத்தூள் குழைத்த புட்டியை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, கண்ணாடி ஓரமாக இழுத்துவிட்டேன். புதுக் கயிறு போட்டேன். இப்போது ஒரு விரலால் தூக்கினால் ஏறுகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. 130 வருடத்துக்கு மேலான மரத்தில் ஆணி இறங்க மறுத்தது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து. ஏணி ஏற இயலாது. மூன்று வருடமாக ஐப்பசியில் அவருடைய ஸ்ரோம் யன்னல்களை நான்தான் ஏற்றி மாட்டுகிறேன். ஒவ்வொன்றின் சட்டத்திலும் இலக்கம் பொறித்த சின்னப் பித்தளை ஆணி, நிலையில் அதே இலக்கம். ஏழாவதை மேல் கொளுக்கியில் தொங்கவிட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போய்ச் சரியாக உட்காரும். போன வருடம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, உன்னுடையவை அவ்வளவு மோசமாகவா இருந்தன என்று கேட்டார். ஓம், எல்லாம் உக்கியிருந்தன என்றேன். ஏணியில் நின்றபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வருகிற ஐப்பசியில் முதலாம் இலக்கத்தைக் கையில் எடுக்க முன்னர் அவர் முகத்தைப் பார்த்து, என் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும்.