பதினொன்றாம் எண் கூண்டு

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றம் என்று செய்தி வாசிப்பார்கள். ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு, பள்ளிக்கு லீவு விடுவார்களா என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது பயன்பட்டது. செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலைக்கு வந்து, அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி டொனால்ட் நார்மன் 1988-இல் எழுதிய புத்தகத்தையெல்லாம் படித்த பிறகுதான் கூண்டின் பக்கம் திரும்பினேன்.

எங்கள் தொழிலில் யூஐ, யூஎக்ஸ் என்பார்கள். கண்ணில் படுகிற பொத்தான், நிறம், எழுத்து எல்லாம் யூஐ. வந்தவர் காரியத்தை முடித்துக்கொண்டு போகும்வரை படுகிற பாடு யூஎக்ஸ்.

கூண்டின் யூஐ எளிது. பகலில் உருளையும் கூம்பும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். தமிழே தெரியாத மாலுமியும் தூரத்திலிருந்து படித்துவிடலாம். சாமர்த்தியம் எண்களில் இருக்கிறது. 1, 2 என்றால் புயல் தொலைவில். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலுக்கான எச்சரிக்கை. 3, 4 துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு. 5 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் நேராக மேலேயோ அருகிலோ. கடும்புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

இடமோ வலமோ, நமக்கென்ன? மேற்கு நோக்கி வரும் புயல் நமக்குத் தெற்கே கரையேறினால் நாம் அதன் வலப்பக்கம். காற்று கடலிலிருந்து அடிக்கும், தண்ணீர் ஊருக்குள் ஏறும். வடக்கே கரையேறினால் காற்று கடலை நோக்கித் தள்ளும். கப்பலைக் கட்டும் விதமே மாறிவிடும். 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்காகத் தொடங்கிய எச்சரிக்கை ஏற்பாட்டின் வழிவந்தது இந்தக் கூண்டு.

மீனவர்களுக்கான வானிலைச் செயலி ஒன்றுக்கு நான் வரைந்த திரையைக் காசிமேட்டில் காட்டினேன். அலை உயரம், காற்றின் வேகம், வண்ண வரைபடம், எதற்கும் குறைவில்லை. ஈரக்கை பட்டதும் திரை கண்டபடி ஓடியது. வெயிலில் என் இளநீலம் காணாமலே போனது. லாஞ்சுக்காரர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. போலாமா வாணாமா, அத்த சொல்லு” என்றார். கூண்டு சொல்வதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

கூண்டைப் பற்றிப் படிக்கும்வரை 11 என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். படித்ததும் 2016 டிசம்பர் 12, வர்தா புயல் கரையேறிய நாள்தான் நினைவுக்கு வந்தது. டவர் போய்விட்டது. வெளியே மரங்கள் முறிந்துகொண்டிருக்க, கைப்பேசியில் ஒரு செயலி காலையில் வந்த காற்று வேகத்தையே அப்போதைய நிலவரம்போல அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போது எந்தத் திரை வரைந்தாலும் அதில் ஒரு 11 வைக்கிறேன். தகவல் பழையதானால் எண்கள் சாம்பல் நிறமாகும். கடைசியாகத் தகவல் வந்த நேரம் பெரிதாக நிற்கும். “பாக்க நல்லா இல்லையே சார்” என்று வேலை கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நல்லா இல்லைதான். அழகான திரையைக் கண்டால் எனக்கும் இன்றுவரை சபலம் உண்டு. பொத்தானின் நிறத்தை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன். சாம்பல் நிறத்துக்கு மட்டும் சண்டை போடுகிறேன்.