சோதித்தோம் என்று எழுதும் முன்



சென்ற மாதம் ஓரிரவு, இஷா தொழுகைக்குச் சற்று நேரமே இருந்தது. உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுதிய 'பேட்ச்', அதாவது நிரல் திருத்தம், மேலாய்வுக்காக நம் கணினியில் காத்திருந்தது.

நாம் பணிபுரிவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன். 2001இல் வெளிவந்த 7.1 பதிப்பு முதல் அதில் ஒரு விதி உண்டு: மாற்றப்பட்ட தரவுப் பக்கம் வட்டுக்குச் செல்லும் முன், அம்மாற்றம் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திடீரென மின்சாரம் நின்றாலும், அப்பதிவேட்டைப் படித்தே தரவுத்தளம் தன்னை மீட்டுக்கொள்கிறது. பதிவேடு மனிதர் படிக்கும் வடிவில் இராது. பிழை தேடுவோருக்காக அதை வாசகமாக்கி அச்சிடும் வரிகள் தனியே உண்டு. எந்தப் பக்கம் மாறியது என்பதையும் அவ்வரிகளில் சேர்ப்பதே அவ்விளைஞரின் திருத்தம்.

படித்தோம். தெளிவாக இருந்தது. "படித்தோம், சோதித்தோம், சரியாக உள்ளது" என எழுதக் கை சென்றது. 'சோதித்தோம்' என்ற சொல்லில் கை நின்றது. படித்தது உண்மை. சோதிக்கவில்லை. இதற்கு முன் எத்தனை முறை அச்சொல்லை இவ்வாறே எழுதியிருக்கிறோம் என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகறா 282, கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சோர்வடையக் கூடாது என்று அது பணிக்கிறது. அடுத்த வசனம் சாட்சியத்தை மறைக்க வேண்டாம் என எச்சரிக்கிறது. மேலாய்வும் ஒரு சாட்சியமே அன்றோ?

தொழுதுவிட்டு வந்து சோதித்தோம். சிறிய அட்டவணையில் எல்லாம் சரியாகவே வந்தது. போஸ்ட்கிரெஸின் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். பக்கம் நிரம்பும்வரை தரவை இட்டு, ஒரு வரிசையை மாற்றிப் பார்த்தோம். இடமில்லாததால் புதிய வரிசை வேறு பக்கத்திற்குச் சென்றது. ஆகவே மாறியவை இரண்டு பக்கங்கள். அச்சான வரியோ புதிய பக்கத்தை மட்டுமே சொன்னது. பழையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வரியில் பொய் இல்லை. ஆயினும் அது பாதி சாட்சியம். பழுதடைந்த பக்கத்தை நள்ளிரவில் தேடும் ஒருவர், அதை நம்பித் தவறான இடத்தில் தேடியிருப்பார்.

மறுநாள் இளைஞரிடம் செய்து காட்டினோம். "சின்ன அட்டவணையில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தேன், பாய்" என்றார். தொடர்புடைய பக்கங்கள் அனைத்தையும் அச்சிடுமாறு அன்றே மாற்றித் தந்தார். மீண்டும் சோதித்தோம். இம்முறை அச்சொல்லை மன நிறைவுடன் எழுதினோம். முந்தைய இரவே எழுதியிருந்தால், அவருடைய கவனக்குறைவு நம்முடைய பொய்யாகியிருக்கும்.

இது கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று. பெண் கொடுக்க முன்வருவோர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கையில், அறியாமலே "நல்ல பையன்" என்கிறோம். படிக்காத பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இடுகிறோம். நம் சொல்லை நம்பி ஒருவர் ஒரு முடிவெடுக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

அறிந்ததை மட்டும் கூறவும், அறிந்ததை முழுமையாகக் கூறவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.