மிதக்கும் வீட்டுக்கும் தரை வேண்டும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு, ஞாபகம் இருக்கா? எங்க வானூருக்குப் பக்கத்துல இருக்குற மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை! அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு நண்பர்கள் மத்தியில ஒரே பேச்சு: "பேசாம மிதக்குற வீடா கட்டிட்டா என்னடா?"

கேக்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா நிஜமாவே அப்படி வாழுறவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தேடிப் படிச்சப்போ, விஷயம் வேற மாதிரி இருந்துச்சு.

மணிப்பூர்ல லோக்டாக்னு ஒரு பெரிய நன்னீர் ஏரி. அதுல செடி, வேர், மக்கின தழை, மண்ணு எல்லாம் பின்னிப் பிணைஞ்சு பாய் மாதிரி மிதக்கும். பேரு ஃபும்டி. சில இடத்துல 2 மீட்டர் கனம் கூட இருக்குமாம். அதுல அஞ்சுல ஒரு பங்குதான் வெளியே தெரியும், மிச்சமெல்லாம் தண்ணிக்குள்ள. அந்தப் பாய் மேலதான் மீனவங்க குடிசை போட்டு வாழுறாங்க.

அங்க குடித்தனம் நடத்துறதை யோசிச்சுப் பாருங்க. செங்கல், சிமெண்ட் பேச்சே கிடையாது. மூங்கில் மாதிரி கனம் இல்லாத பொருள்தான். காத்து தள்ளிட்டுப் போகாம வீட்டைக் கட்டி வைக்கணும். பக்கத்து வீட்டுக்குப் போய் காபிப் பொடி கடன் வாங்கணும்னாலும் படகு வேணும். காஞ்ச தழை மேல அடுப்பு மூட்டுறது அடுத்த பயம். பெரு நாட்டு டிட்டிகாக்கா ஏரியில நாணல் தீவுல வாழுற உரோஸ் மக்கள், கல்லைப் பரப்பி அது மேலதான் அடுப்பு வைப்பாங்க. அழுகிப் போற நாணலுக்கு மேல புது நாணலைப் போட்டுக்கிட்டே இருக்கணும். நாம வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிக்கவே அலுத்துக்கிறோம்!

கழிவறை? அதுதான் பெரிய தலைவலி. ஸ்ரீநகர் தால் ஏரியில படகு வீட்டுக் கழிவை நேரா ஏரியில விட்டது கோர்ட் வரைக்கும் போச்சு. பிள்ளைங்க படிப்பு? லோக்டாக்ல 2017ல மிதக்கும் பள்ளிக்கூடமே தொடங்கினாங்க.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வெச்சது ஒண்ணு. ஃபும்டி எப்பவும் மிதந்துக்கிட்டே இருக்கக் கூடாதாம். கோடையில தண்ணி வத்தும்போது அது ஏரியோட தரையில போய் உட்காரணும். அப்போதான் வேர் மண்ணைத் தொட்டுச் சத்து எடுக்கும். மழைக்காலத்துல மறுபடி மேல வரும். 1983ல நீர்மின் திட்டத்துக்காக இத்தாய் தடுப்பணை வந்துச்சு. 105 மெகாவாட் திட்டம். அதுக்காக வருஷம் பூரா ஏரியில தண்ணி உசரமாவே நின்னுச்சு. வேருக்குத் தரை எட்டலை. ஃபும்டி மெலிய ஆரம்பிச்சுது. அதை நம்பி இருக்குற சங்காய் மானுக்கும் ஆபத்து. விளைநிலம் தண்ணியில மூழ்கிப் போன பல குடும்பங்களும் பிழைப்புக்கு ஏரிக்கே வந்துட்டாங்க.

அப்புறம் 2006ல ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அந்தக் குடிசைங்க ஆக்கிரமிப்பு, ஏரியை மாசுபடுத்துதுன்னு சொல்லி, 2011 நவம்பர்ல நூத்துக்கணக்கான குடிசைகளை அதிகாரிகள் எரிச்சுட்டாங்க. ஏரியைக் காப்பாத்தணும், சரி. ஆனா நிலத்தைத் தண்ணியில விட்டவங்ககிட்டயே போய் "உனக்கு இங்க என்ன உரிமை?"னு கேக்குறது எந்த ஊர் நியாயம்? பட்டா போட அங்க தரை எங்கங்க இருக்கு?

எங்க தாலுக்காவுலயும் மரக்காணம் தாலுக்காவுலயுமா பரந்து கிடக்குற கழுவெளியை 2021ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. கோடையில அது வத்திக் கிடக்குறதைப் பார்த்துட்டு "சும்மாதானே கிடக்கு"ன்னு சொல்றவங்க நிறைய பேர். தண்ணி வத்தி ஆழம் குறைஞ்சாத்தான் உள்ளான் மாதிரி குருவிங்க சேத்துல இறங்கி இரை தேட முடியும். நிரம்புறது மட்டும் ஏரியோட வேலை இல்லை, வத்துறதும் அதோட வேலைதான்.

அதனால மிதக்குற வீட்டைப் பத்திப் பேசுறப்போ எத்தனை பேரைத் தாங்கும்னு மட்டும் கேக்காதீங்க. அந்தத் தண்ணியோட மட்டத்தை யார் முடிவு பண்றாங்கன்னும் கேளுங்க. வீட்டோட ஆயுசு அவங்க கையிலதான் இருக்கு.