குல்மார்க்கில் ஒரு பனியூர்தி

சென்ற மாசியில் தில்லியினின்று குல்மார்க் சென்றோம். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அப்புல்வெளி வெண்பனியால் மூடிக் கிடந்தது. முதுகுவலிக்காரரான எங்கள் தந்தையார், வேண்டாமென்றும் கேளாது, பனியூர்தியில் ஓட்டுநருக்குப் பின்னே அமர்ந்தார். முதல் மேட்டிலேயே, "ஐயோ!" என்று அலறிவிட்டார்.

இருவர் பாரத்தால் பின்வில் அமிழ்ந்து அடிதட்டிற்று. முன்புறச் சறுக்குப்பலகைகளும் பனியைச் சரிவரப் பற்றவில்லை. காஷ்மீர இளைஞரான ஓட்டுநர் இறங்கி, அதிர்வுதாங்கியின் வில்லை இறுக்கும் வளையத்தை இரண்டு சுற்று முறுக்கினார். பின்புறம் நிமிர்ந்தது, பலகைகள் படிந்தன. துள்ளல் மட்டும் ஓயவில்லை. பாரத்தைத் தாங்குவது வில். துள்ளலை அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெயன்றோ?

"எண்ணெய் பழசு, மாற்றவேண்டும்" என்று ஒளியாமல் உரைத்து, கூலியில் பாதியைத் திருப்பி நீட்டினார். நாங்கள் வாங்கவில்லை. தந்தையார் நடந்தே திரும்பினார்.