ஒளி கொண்டு சென்ற கணக்கு

செய்தி என்பது வாய்வழியாகவோ, கடித வழியாகவோ, கம்பி வழியாகவோதான் செல்லக்கூடியது என்று எண்ணியிருப்போர் நம்மவரிற் பலர். ஆனால், தொலைக்காட்சிப் பெட்டியை இயக்குவதற்காக நாம் கையில் எடுக்கும் சிறு கருவி, நாள்தோறும் நம் கண்ணெதிரே, கம்பியும் ஓசையும் இன்றி, ஒளியினாலேயே செய்தி அனுப்பி வருகின்றது. அவ்வொளி செந்நிறத்துக்கும் அப்பாற்பட்டதாகையால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவே. கண்ணுக்குப் புலப்படாததும் உண்டு என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டி, பேய் பிசாசுகளையும் கூடவே அழைத்துவர யாரும் முற்பட வேண்டா. இவ்வொளியை அளக்கலாம், பேயை அளந்தார் இதுவரை இலர்.

மலாக்கா மாநிலத்தில், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நாம் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். சுற்றிலுமுள்ள தோட்டங்களிற் பல செம்பனைக்கு மாறிவிட்ட பின்னும், இங்கே சில நிரைகள் ரப்பராகவே நிற்கின்றன. பால் வெட்டுவோரில் நம் தமிழ்ப் பெண்களும் உளர். இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உளர். விடியுமுன் வெட்டி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியிற் சேர்த்து, நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டு வருகின்றனர். பாலின் எடையும், அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதும் சேர்ந்தே அவர்தம் கூலியை நிர்ணயிக்கும். ஆகவே, தராசும் கிராணியின் பேனாவும் ஒன்றையே சொல்லுகின்றனவா என்பது அவர்களுக்கு அடுப்பெரிவதைப் பற்றிய விஷயமாகும்.

தோட்டத்து வாழ்வை அறிந்த வாசகர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'தராசிலே ஒன்று, புத்தகத்திலே ஒன்று' என்னும் முறையீடு நம் பாட்டன்மார் காலந்தொட்டு வருவது. கொட்டகையில் மண்டோர் எடையைக் கூவுவார். ஒருவர் துண்டுத் தாளிற் குறிப்பார். தாள் மழையில் நனையும், பாற்கறை படியும். பிற்பகல் ஆபீசுக்கு வந்து சேரும்போது மூன்று எட்டாகத் தோன்றும். ஒன்று ஏழாகத் தோன்றும். சம்பந்தப்பட்ட யாவரும் யோக்கியரேயாயினும் கணக்குக் கோணும். கோணுகிற கணக்கெல்லாம் தம் தலையிலேயே வந்து விடிவதாகத் தொழிலாளர் நம்புவதில் வியப்பென்ன?

இக்குறையை நீக்குவான் வேண்டி, மூன்றாண்டுகளுக்கு முன் மின்தராசு ஒன்று வாங்கப்பட்டது. அதனின்றும் ஆபீசுக்கு எழுபதடி தூரம் கம்பி இழுத்து, எடை நேரே கணிப்பொறியிற் பதியுமாறு ஏற்பாடாயிற்று. முதல் மின்னல் வரையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இடியும் மின்னலும் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. மின்னல் கம்பியின் மீதே விழவேண்டும் என்பதில்லை. அண்மையில் எங்கேனும் விழுந்தாலே, நீண்ட கம்பியில் மின்சாரம் துள்ளி எழுந்து இரு முனையிலுமுள்ள நுட்பமான உறுப்புகளைச் சுட்டுவிடும். அவ்வாறே சுட்டது. மாற்றினோம், நான்கு திங்களில் மீண்டும் சுட்டது. மூன்றாம் முறை பணம் கேட்டபோது, பழையபடி தாளிலேயே எழுதுமாறு உத்தரவு வந்தது.

அப்போதுதான் ஒரு பையன் வாய் திறந்தான். பால் வெட்டும் அம்மையார் ஒருவரின் மகன் அவன், வயது பதினேழு, மலாக்கா நகரில் தொழிற்கல்வி பயில்கிறவன்.

"அண்ணே, கம்பி இருக்கிறதனாலேதானே மின்னல் உள்ளே வருது? கம்பியை எடுத்துவிட்டு வெளிச்சத்தை வைத்தால் என்ன?" என்றான்.

கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் முறை இந்நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கிற்று. அம்முறையிற் பயின்றவர்களுள் நாமும் ஒருவராதலின், அவன் சொல்லியதன் தத்துவம் நமக்கு உடனே விளங்கிற்று. அதனை அவன் தாயாருக்குத் தமிழில் எடுத்துரைக்கப் புகுந்தபோதுதான் நா தடுமாறிற்று. மைக்ரோகண்ட்ரோலர் என்பதை 'நுண்கட்டுப்படுத்தி' என்று பெயர்த்தோம், அவர் சிரித்துவிட்டார். பின்னர், 'இட்ட வேலையை மட்டும் இம்மியும் பிசகாமற் செய்யும் சின்னஞ்சிறு மூளை' என்றோம், ஏற்றுக்கொண்டார்.

உண்மையும் அதுவே. அர்டுயினோ என்னும் பலகை 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவாக்கப்பெற்றது. அதன் சாதாரண வகையில் உள்ள சில்லு, விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிப்பது. ஆனால் வேலைக்குரிய நினைவிடமோ வெறும் 2 கிலோபைட். எண்ணியது எண்ணியாங்குச் சொல்ல அஃது போதும். இத்தகைய பலகைகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தராசுடனும் மற்றொன்றை ஆபீஸ் கணிப்பொறியுடனும் இணைத்தோம். இரண்டிலும் ஒளி உமிழும் சிறு விளக்கு ஒன்றும், ஒளியை வாங்கும் கண் ஒன்றும் உண்டு. தராசுப் பக்கத்துச் சாதனம் மின்கலத்தினால் ஓடுவது. எனவே கொட்டகைக்கும் ஆபீசுக்கும் இடையே எவ்வகை உலோகத் தொடர்பும் இல்லை. மின்னல் நடந்து வரப் பாலம் இல்லாமற் போயிற்று.

வானொலி அலையினால் அனுப்பலாகாதோ எனின், அனுப்பலாம். ஆயினும், விளக்கும் கண்ணும் சில வெள்ளிக்குக் கிடைத்தன. ஒளியோ நாம் காட்டிய திசையில் மட்டுமே செல்வது.

பட்டப்பகலிற் சூரியன் காய்கையில், ஒரு பொடி விளக்கின் ஒளியை அக்கண் எங்ஙனம் பிரித்தறியும்? ரப்பர்க் காட்டில் ஆயிரம் சில்வண்டுகள் இரைந்துகொண்டிருக்க, அடுத்த நிரையிலிருந்து தம் பிள்ளை கூவும் குரலைத் தாய் இனங்கண்டு கொள்கிறார் அன்றோ? அது போன்றதே இதுவும். விளக்கு சும்மா எரிவதில்லை. விநாடிக்கு 38,000 முறை எரிந்தணைகின்றது. அந்தத் தாளத்தில் வரும் ஒளியை மட்டுமே கண் பொருட்படுத்தும். சூரியன் தாளம் அறியாதது. ஆகவே அதன் ஒளி எத்துணைப் பெரிதாயினும் தள்ளுண்டு போகும்.

இனி, எண்ணை அனுப்பும் வகை. விளக்கு ஒரு சிறு பொழுது துடித்து, பின் ஓய்கின்றது. ஓய்வு குறுகியதாயின் சுழியம். அதனின் மூன்று மடங்காக நீண்டதாயின் ஒன்று. 23 கிலோ என்பது இம்முறையில் 00010111 எனச் செல்லும். அதனையடுத்து, ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி, 11101000 என மறுபடியும் செல்லும். பெறுகின்ற பலகை இரண்டையும் ஒப்பு நோக்கும். ஓரிடத்திலேனும் இரண்டும் ஒன்றாயிருப்பின், இடையில் ஏதோ பழுது நேர்ந்ததென்று அச்செய்தியைத் தள்ளிவிடும். தொலைக்காட்சிக் கருவிகளிற் பெருவழக்காயுள்ள முறையொன்றில் இச்சோதனை அமைந்திருக்கிறது. நமது பையன் அதனையே எடுத்தாண்டான். ஒரு கையெழுத்தைத் தானே இருமுறை எழுதிச் சரிபார்த்த கிராணியை நாம் கண்டதில்லை, நம்மையும் சேர்த்துத்தான்.

மேலதிகாரி ஒருவர் இதனைப் பார்த்துவிட்டு, "சிறுபிள்ளை விளையாட்டு" என்றார். விளையாட்டன்று, வயது முதிர்ந்த வித்தை. கராச்சியில் தந்தி இலாகாவிற் பணியாற்றிய ஹென்றி மான்ஸ் என்பார், கண்ணாடியினாற் சூரிய ஒளியை வெட்டி வெட்டி அனுப்பும் கருவியை அமைத்தார். 1878இல் தொடங்கிய இரண்டாம் ஆப்கன் யுத்தத்தில் அது பெரிதும் பயன்பட்டது. தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல், 1880ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில், ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து 213 மீட்டர் தொலைவுக்கு மனிதக் குரலையே ஒளியில் ஏற்றி அனுப்புவித்தார்; தொலைபேசியினும் இதனையே அவர் உயர்வாகக் கருதினார். மேகம் மறைத்தால் பேச்சும் மறைந்தது என்பதுதான் குறை. அக்குறையை ஒழித்தது கண்ணாடி இழை.

இவ்வகையில் நம் மலாக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2005ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட 'சீ-மீ-வீ 4' என்னும் கடலடி வடம், ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளமுடையது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சு வரையிற் செல்வது. அது கரையேறும் இடங்களுள் மலாக்காவும் ஒன்று, சென்னையும் ஒன்று. நம் முன்னோர் ரஜூலாக் கப்பலின் தளத்தில் ஏழெட்டு நாள் கிடந்து கடந்த கடலை, கண்ணாடி இழைக்குள் ஒளி இமைப்பொழுதிற் கடக்கின்றது. அங்கும் நடப்பது விளக்கெரிவதும் அணைவதுமே, வேகந்தான் வேறு. இவற்றையெல்லாம் அவ்வதிகாரியிடம் எடுத்துரைத்தோம். செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சொன்னோம், சம்மதித்தார்.

சாதனத்தை மாட்டுகின்ற நாளில், பையனின் தாயார் கொட்டகைக்கு வந்தார். வாளி வைத்தவர் பார்க்குமாறு எண் காட்டும் பலகை ஒன்றைத் தராசின் மேல் அமைத்துக் கொண்டிருந்தோம். அதனை நெடுநேரம் உற்று நோக்கினார்.

"கிராணி தம்பி, இதிலே தெரியப் போறது தராசு சொல்ற நம்பரா, புத்தகத்திலே ஏறின நம்பரா?"

"இரண்டும் ஒன்றுதானே அம்மா?" என்றோம்.

"ஒண்ணா இருந்தா, புத்தகத்து நம்பரையே காட்டுங்களேன். தராசு சொல்றதை அதன் முகத்திலேயே பார்த்துக்குவோம்" என்றார்.

இதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை. பையன் அன்றிரவே வேலையை மாற்றியமைத்தான். இப்போது தராசின் எடை ஒளியிலேறி ஆபீசுக்குச் செல்லும். அங்கே கணக்கிற் பதியும். பதிந்த எண் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, மற்றோர் ஒளியிலேறிக் கொட்டகைக்குத் திரும்பும். பலகையில் தோன்றுவது அவ்வாறு திரும்பி வந்த எண்ணே. தராசும் பலகையும் ஒத்திருந்தால் பச்சை விளக்கு. மாறினாற் சிவப்பு விளக்கு, மணியோசையுடன். போய்வர ஒரு விநாடியும் ஆவதில்லை. வங்காளதேசத்து இளைஞர் ஒருவர், தமிழும் மலாயும் அதிகம் அறியாதவர், முதல் நாள் தம் வாளியை மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். மூன்று முறையும் பச்சை விளக்கு எரிந்தபின்னரே நகர்ந்தார். சம்பள நாளில் ஆபீஸ் வாயிலில் நிற்கும் கூட்டம் இப்போது குறைந்திருக்கிறது. கூலி உயர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை, உயரவில்லை. எடையைப் பற்றிய வாக்குவாதம் போயிற்று. விழுக்காட்டைப் பற்றிய வாக்குவாதம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது பால் மாதிரியைச் சோதிக்கும் இடத்து விவகாரம். அவ்விடத்துக்கு நமது ஒளி இன்னும் எட்டவில்லை.

இடையூறுகளும் உள. நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் செய்தி நின்றுவிடும். மழை எழுபதடி தூரத்துக்குப் பெரிய தடையாகவில்லை. நமது கடும் பகைவன் குளவி. வெயில் படாதிருக்கக் கண்ணுக்கு முன் வைத்த குழாயினுள், ஒரே நாளில் மண்கூடு கட்டிவிடுகிறது. மின்னலை வென்ற சாதனம் குளவியிடம் தோற்று, சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கும். பையன் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டினான். ஒளி சற்றுக் குன்றினும் வேலை நடக்கிறது.

அவன் இப்போது வேறொன்றில் இறங்கியிருக்கிறான். அமெரிக்காவிலுள்ள மிட்சுபிஷி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டீட்ஸ், யெராசூனிஸ், லீ என்னும் மூவர் 2003ஆம் ஆண்டு வெளியிட்டதோர் உபாயம் அது. ஒளி உமிழும் விளக்கையே, மின்சாரத்தைத் தலைகீழாகச் சற்றே ஊட்டிவிட்டு விட்டுவைத்தால், அவ்வூட்டம் மெல்ல வடியும். வெளியொளி படுமாயின் விரைந்து வடியும். வடியும் நேரத்தைச் சில்லு எண்ணிவிட்டால், விளக்கே கண்ணுமாகிறது. வாயும் செவியும் ஒன்றேயான இத்தகைய இரண்டு விளக்குகள் எதிரெதிரே நின்று, மாறி மாறிப் பேசவும் கேட்கவும் வல்லன. தனியாகக் கண் வாங்கவேண்டிய செலவும் இல்லை. ஆனால் அவற்றின் பேச்சு சில விரற்கடை தூரமே கேட்கும். நான்கு விரற்கடையில் நன்றாகப் பேசுகின்றன என்று சென்ற ஞாயிறன்று லயத்து வாயிலில் வைத்துக் காட்டினான். பூதக்கண்ணாடி ஒன்று கிடைத்தால் ஓரடி வரை இழுத்துப் பார்க்கலாம் என்கிறான். நமது பழைய முகப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.