கடலைத் தள்ளிய மணல்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)

கோடை விடுமுறை என்றால் நமக்குக் குற்றாலமோ கன்னியாகுமரியோ நினைவுக்கு வரும். எனக்குக் கிடைத்தது புன்னைக்காயல். சுற்றுலா ஒன்றும் இல்லை. அப்பா கொத்தனார். சென்ற மே மாதம் அங்கே ஒரு வீட்டு வேலை நடந்தது. நானும் கையாளாகப் போனேன். ஃபீஸ் கட்ட வேண்டுமே!

நம் தாமிரபரணி, பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் கலப்பது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஊரே பூசைக்குப் போய்விட்டது. திருச்செந்தூர்க் கூட்டமும் இல்லை, சுண்டல்காரரும் இல்லை. நானும் அப்பாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துவாரம் வரை நடந்தோம். ஒன்பது மணிக்கே மணல் சுட்டதால், அலை நனைத்த ஓரமாகவே போனோம்.

அப்பா ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். எங்கே மணலைக் கண்டாலும் அவருக்கு அந்தப் பழக்கம். "நம்ம ஆத்து மணல்தாம்ல. ஆனா உப்பேறிட்டு. இதுல பூசினா சுவர் பூத்துரும்" என்றார். உப்பு கம்பியை அரிக்கும் என்று நான் புத்தகத்தில்தான் படித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கையாலேயே பாடம் நடத்திவிட்டார்!

என் பங்குக்கு நானும் சொன்னேன். கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் விலகி, இன்று ஆறேழு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான் என்பார்கள். அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல். ஆக, நாங்கள் நடந்த தரையே மலையிலிருந்து வந்த மண்!

அப்பா கேட்டார்: "இப்பவும் மண்ணு வருதால?"

அணைகளும் 8 அணைக்கட்டுகளும் பாதியைப் பிடித்துக்கொள்கின்றன, மீதியை லாரிகள் அள்ளிப் போயின என்றேன். நல்லகண்ணு அய்யா தொடுத்த வழக்கில் 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை போட்டதையும் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் அந்த மணல்ல கட்டுனவன்தாம்ல. அந்தக் கூலியிலதான் ஒன்னயப் படிக்க வச்சேன். இனிமே எதுல கட்டணும்னு நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். எம்-சாண்ட் என்று சுலபமாகச் சொல்லலாம். அதுவும் ஏதோ ஒரு பாறையை உடைத்ததுதானே! இடித்த கட்டடங்களின் கழிவைப் பொடித்து, சலித்து, பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் கியூப் போட்டுச் சோதிக்க ஆசை. கூட்டு சேர யாராவது வருகிறீர்களா? கலவை போட அப்பா வருகிறேன் என்றிருக்கிறார்.